கோச்சரை மாற்றுவதா? வன்னிக் கிராமக் கழகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் ஏ9 வீதிக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்தின் உதைபந்தாட்டக் கழகத்தில், 2024 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். அப்போது நான் அந்தக் கழகத்தின் செயலாளர். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். பயிற்றுநரை (கோச்சரை) மாற்றுவதா, வைத்திருப்பதா என்பதுதான் சண்டை. அயலூர்க் கழகங்களிலும் இதே சண்டை நடப்பதை அறிவேன். எங்களுக்கு என்ன நடந்தது என்பதை முழுமையாக எழுதி வைத்தால் அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

2009இல் இடம்பெயர்ந்து மனிக் பாம் முகாமுக்குப் போன சனம், மீள்குடியேற அனுமதி கிடைத்துத் திரும்பியபோது மைதானம் பற்றைக் காடாகக் கிடந்தது. மிதிவெடி அகற்றி முடிந்த பிறகு ஊரே கூடித் துப்புரவாக்கியது. முதல் கோல் கம்பங்கள் காட்டுத் தடியில் நட்டவை. 2011இல் கழகத்தைத் திரும்பப் பதிந்தோம். வேலி, குழாய்க் கம்பங்கள், உடுப்பு எல்லாம் பின்னர் வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பிய பணத்தில் வந்தவை.

2016இலும் 2017இலும் இரண்டு சுற்றுப்போட்டிகளில் கிண்ணம் எடுத்தோம். அந்த இரண்டு கிண்ணங்களும் வாசிகசாலையின் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. பின்னால் வந்த விவாதத்தில் ஒவ்வொரு முறையும் முதலில் பேசப்பட்டவை அவைதான். ஆனால் அவை அணிக்கு ஏழு பேர் விளையாடும் போட்டிகள். சின்ன மைதானம், குறைந்த நேரம். வேகமான மூன்று பெடியள் இருந்தால் போதும். இப்போது நாங்கள் விளையாடுவது பதினொரு பேர் ஆட்டம், பாதிக்கு 30 நிமிடம். இந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

பயிற்றுநர் 2019இல் பொறுப்பேற்றார். ஐம்பது வயதை நெருங்கியவர், முன்னாள் பின்கள வீரர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சம்பளம் இல்லை, பெற்றோல் காசு மட்டும் கொடுத்தோம், அதுவும் 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் நின்றுபோனது. அந்த மாதங்களில் அவர் சைக்கிளில் வந்து பழக்கினார். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் டி தரச் சான்றிதழ் வைத்திருக்கிறார். பெரியவர்களின் அணியோடு, கேட்காமலே, 16 வயதுக்குட்பட்ட பெடியளையும் சேர்த்துப் பார்த்தார். அவர் வைத்திருந்த ஒரே கண்டிப்பான விதி: கிழமையில் மூன்று பயிற்சி, இரண்டுக்காவது வராதவர் ஆட்டத்தைத் தொடங்க முடியாது.

முறுகல் தொடங்கியது

2024 மார்ச்சில், காலபோக வெட்டு முடிந்ததும் பருவம் தொடங்கியது. ஓகஸ்ட் நடுப்பகுதிவரை 12 ஆட்டம்: நாலு வெற்றி, இரண்டு சமநிலை, ஆறு தோல்வி. தோற்பது புதிதல்ல. தோற்ற விதம்தான் சனத்தை எரிச்சலாக்கியது. முன்னுக்கு நின்றுவிட்டுக் கடைசியில் விடுவது திரும்பத் திரும்ப நடந்தது.

சந்தித் தேத்தண்ணிக்கடையில் பின்னேரம் இரண்டு அணியாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கினார்கள். மாற்ற வேண்டும் என்ற பக்கம் சொன்னவை: எல்லாரையும் பின்னுக்கு இழுத்து விளையாடுகிறார், மாற்று வீரர்களைப் பிந்தி இறக்குகிறார், கோட்டடியில் நின்று ஒரு சத்தம்கூடப் போடுவதில்லை, டி தரம் என்பது சின்னப்பிள்ளைகளைப் பழக்குவதற்கான சான்றிதழ், நாணயச் சுழற்சியில் வென்றாலும் காற்றுக்கு எதிரான பக்கத்தைக் கேட்கிறார்.

கடைசிக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். பின்னேரம் நாலரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் கிழக்குக் கோலைக் காப்பவர்களுக்குக் காற்றும் முகத்தில், வெயிலும் கண்ணில். பயிற்றுநர் முதல் பாதியில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார். நேரம் போகப் போகக் காற்றுத் தணியும், வெயிலோ இறங்கி நேரே கண்ணுக்குள் குத்தும். களைத்துப்போன இரண்டாம் பாதியில் அந்த வெயில் எதிரணியின் கோல் காப்பாளருக்கு இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. நல்ல காரணம். ஐந்து வருடமாக அதை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் இல்லை.

வைத்திருக்க வேண்டும் என்ற பக்கம் பெரும்பாலும் இளம் பெடியள். அவர்கள் இங்கிலாந்துக் கழகங்களை உதாரணம் காட்டினார்கள். பெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் பயிற்றுநராக வந்து, முதல் கிண்ணம் எடுத்தது 1990இல். ஆர்டெட்டாவின் ஆர்சனல் அடுத்தடுத்து இரண்டு பருவம் எட்டாம் இடம். பொறுத்திருந்தார்கள், பிறகு இரண்டு முறை இரண்டாம் இடம். மற்றப் பக்கத்துக்கு மறுமொழி ஆயத்தமாக இருந்தது. லெஸ்டருக்கு 2016இல் லீக் வென்று கொடுத்த ரனியேரியையே ஒன்பது மாதத்தில் அனுப்பினார்கள், எங்கட ஆளுக்கு என்ன விசேசம் என்றார்கள். இரண்டு பக்கமும் உதாரணங்களைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அந்தக் கழகங்கள் காசு கொடுத்து ஆள் எடுப்பவை. எங்கள் பதினொரு பேரும் யார் என்பதை வயலும் கடலும் கூலிவேலையும்தான் தீர்மானிக்கின்றன. அதைப் பற்றிக் கடையில் கதை எழவேயில்லை.

காலிறுதி இரவு

ஓகஸ்ட் நடுப்பகுதியில் மின்னொளிச் சுற்றுப்போட்டி ஒன்றின் காலிறுதி. எங்கள் சிறந்த முன்கள வீரர் 24 வயதுப் பெடியன். நெல்லு வெட்டு மெஷின் ஓட்டுகிறவர். சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டதால் இரவு பகலாக வயலில் நின்றார். அந்தக் கிழமை ஒரு பயிற்சிக்கும் வரவில்லை. விதிப்படி பயிற்றுநர் அவரை வெளியே இருத்தினார்.

ஒரு கோல் பின்னுக்கு நின்றோம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவரை இறக்கினார். இறங்கி ஆறாவது நிமிடத்தில் கோல் அடித்தார். கரையில் நின்ற சனம் ஆர்ப்பரித்த கையோடு பயிற்றுநரின் பக்கம் திரும்பிக் கத்தத் தொடங்கியது: "இவனை ஏன் இவ்வளவு நேரமும் இருத்தி வைச்சனீர்?" சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றோம்.

அந்த இரவு கழகப் பலகையில் ஆரோ கரியால் "கோச்சரே வெளியேறு" என்று எழுதினார்கள். அடுத்த நாள் ரியூசனில் பயிற்றுநரின் மகளிடம் இரண்டு பெடியள் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவளுக்குப் பதினான்கு வயது. அன்று பின்னேரம் அவர் வந்து விசிலையும் களஞ்சிய அறைத் திறப்பையும் என் மேசையில் வைத்தார். "தம்பி, என்னைப் பேசட்டும். பிள்ளையை ஏன்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

முதல் முடிவு: அன்றைக்கு வாக்கெடுப்பதில்லை

மூன்றாம் நாள் விசேட கூட்டம். வழமையாக இருபது பேர் வராத கூட்டத்துக்கு எழுபது பேருக்குக் கிட்ட வந்தார்கள். பொருளாளர், வெளிநாட்டில் உள்ள இரண்டு நன்கொடையாளர்களும் மாற்றச் சொல்கிறார்கள் என்றார். கை தூக்கச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

தலைவரும் நானும் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தோம். சனத்தின் கோபம் பிழை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அங்கே பேசிய எல்லாரும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பேசினார்கள். மற்றப் பதினொரு ஆட்டத்தையும் பற்றி எல்லாருக்கும் ஒவ்வொரு ஞாபகம். வேறொரு காரணமும் இருந்தது. ஒல்லாந்தின் முதல்தர லீக்கை வைத்துப் பொருளியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்றை நான் முன்னர் வாசித்திருந்தேன். தொடர் தோல்வியில் பயிற்றுநரை மாற்றிய கழகங்களும், அதே அளவு தோற்றும் மாற்றாமல் விட்ட கழகங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் மீண்டன என்பது அதன் முடிவு. எங்கள் நிலையும் அதுதானா என்று தெரிய வேண்டியிருந்தது.

எங்களிடம் சி.ஆர். கொப்பி (தடித்த பதிவுக் கொப்பி) இரண்டு இருந்தன. ஒன்றில் பயிற்சி வரவு, மற்றதில் ஆட்ட விபரம். இரண்டும் பயிற்றுநரின் கையெழுத்து. மாற்றச் சொன்ன பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவரையும், வைத்திருக்கச் சொன்ன பக்கத்திலிருந்து உயர்தர மாணவன் ஒருவனையும் சேர்த்து இருத்தி, பத்து நாளில் பார்த்துச் சொல்லச் சொன்னோம். ஒரே பக்கத்து ஆட்கள் இருவரை விட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

கொப்பியில் கண்டவை

பயிற்றுநர் முதல் தெரிவாக நினைத்த பதினொரு பேரும் ஒன்றாகக் கிடைத்தது 12 ஆட்டத்தில் மூன்றில் மட்டும். அந்த மூன்றில் இரண்டு வெற்றி, ஒரு சமநிலை. ஆறு தோல்வியில் நாலு, அறுவடை நாட்களிலோ கரையோரத்து வீரர்கள் தொழிலுக்குப் போன நாட்களிலோ வந்தவை. தபால் உத்தியோகத்தர் இதை வாசித்துக் காட்டியபோது கூட்டத்தில் சத்தம் குறைந்தது.

ஆனால் அடுத்தது பயிற்றுநருக்குச் சாதகமாக இல்லை. நாங்கள் வாங்கிய 19 கோல்களில் 11 கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வந்தவை. அதாவது, அவர் கணக்குப்போட்டு எடுத்துக் கொடுத்த, வெயில் முதுகில் விழும் அதே இரண்டாம் பாதியில். பக்கம் கேட்டதில் பிழையில்லை, கால் களைத்துப் போயிருந்தது. இந்தப் போட்டிகளில் ஐந்து மாற்று வீரருக்கு இடமிருந்தது. அப்படியிருந்தும் ஏழு ஆட்டத்தில் முதல் மாற்று வீரர் இறங்கியது 50ஆவது நிமிடத்துக்குப் பிறகு. இரண்டு ஆட்டத்தில் ஒருவரும் இறங்கவில்லை. மாற்று வீரர் பற்றிச் சனம் சொன்னது முழுக்க உண்மை.

ஏன் என்று கேட்டபோது

தலைவரும் நானும் அவருடைய வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார். கணக்கைக் காட்டினோம். மறுக்கவில்லை. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு 2023இல் நடந்த ஒன்றைச் சொன்னார்.

அந்த வருடம் ஓர் ஆட்டத்தில் 17 வயதுப் பெடியன் ஒருவனைப் பின்களத்தில் இறக்கினார். பந்தைத் திருப்பிக் கோல் காப்பாளருக்குக் கொடுக்கப்போய் எதிரணிக்குக் கொடுத்தான், கோல். மிச்ச இருபது நிமிடமும் கரையில் நின்ற எங்கள் ஆட்களே அவனுடைய தகப்பன் பெயரைச் சொல்லித் தூற்றினார்கள். அடுத்த கிழமையிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. பிறகு படிப்பையும் விட்டுவிட்டான். வாங்கில் இருக்கும் மாற்று வீரர்கள் இப்போது எல்லாரும் அந்த வயதுதான். "அதுகளை இறக்க எனக்குப் பயம் தம்பி. தோத்தா என்னைப் பேசுவினம், தாங்குவன். அதுகள் தாங்காதுகள்."

அந்த முற்றத்தில்தான் விவகாரத்தின் உண்மையான வடிவம் எனக்கு விளங்கியது. அவர் மாற்று வீரர்களை இறக்காததால் சனம் கத்தியது. சனம் கத்தும் என்பதால்தான் அவர் இறக்கவில்லை. கரையும் களமும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. வேறொரு பயிற்றுநரைக் கொண்டு வந்தாலும் அதே வாங்கும் அதே கரையும்தான் அவருக்கும் கிடைத்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

செப்டெம்பர் முதற் கிழமையில் நிர்வாகம் முடிவெடுத்தது. மழை தொடங்கும்வரை அவரே பயிற்றுநர். அதன் பின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. முடிவுத் திகதி ஒன்று வேண்டும் என்று மாற்றச் சொன்ன பக்கம் கேட்டது நியாயமானது.

மாற்று வீரரைப் பொறுத்தவரை, 40ஆவது நிமிடத்துக்குள் இருவரையாவது இறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். இப்படி நிர்வாகம் உள்ளே கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரே அப்படி ஒரு கட்டாயம் இருந்தால் தனக்கு இலகு என்றார். பெடியன் பிழைவிட்டால் பேச்சு நிர்வாகத்துக்கு வரட்டும் என்பது ஏற்பாடு.

பயிற்சி விதியை எடுக்கவில்லை, தளர்த்தினோம். அறுவடை, கடல்தொழில் காரணமாக வர முடியாதவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். விடியற்புறம் ஐந்தரைக்குத் தனியாக ஒரு மணித்தியாலம் பயிற்சி செய்தால் அது வரவாகக் கணக்கு. வீட்டைப் பார்க்கும் பெடியனையும் வேலைவெட்டி இல்லாமல் வராமல் விடுபவனையும் ஒரே தடியால் அளந்தது எங்கள் பிழை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் பின்னேரம் வாசிகசாலையில் பயிற்றுநர் அரை மணித்தியாலம் இருப்பார். எதையும் கேட்கலாம், அவர் காரணம் சொல்வார். பதிலுக்கு, கரையில் நின்று 18 வயதுக்குட்பட்ட எவருடைய பெயரையும் சொல்லித் தூற்றக்கூடாது. மீறினால் எங்கள் ஆளாக இருந்தாலும் அன்றைய ஆட்டத்துக்கு மைதானத்தை விட்டு வெளியே.

பின்னர் நடந்தது

முதல் ஆட்டம் 0–3. இரண்டு பெடியளை 38ஆவது நிமிடத்தில் இறக்கினார், ஒருவன் தடுமாறினான். கரையில் ஒருவர் வாயைத் திறந்தார். தலைவர் போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் தலைவரின் சொந்த மைத்துனர். அதற்குப் பிறகு அந்த விதியைப் பற்றி யாரும் விளையாட்டாக நினைக்கவில்லை.

மறுநாள் வாசிகசாலைக்கு வந்தது ஒன்பது பேர், அதிலும் நாலு பேர் சண்டைக்கு. காற்றுப் பக்கத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி. பயிற்றுநர் சோக்கால் பலகையில் மைதானம் கீறி, காற்றும் வெயிலும் எந்த நேரம் எங்கே என்று காட்டினார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் தபால் உத்தியோகத்தர். "கேக்கேல்லையே அண்ணை" என்றார் இவர். அதே கிழமையில் இலங்கை அணி கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று, 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் அடுத்த கட்டத்துக்குப் போனது. முந்தைய வருடம் பீபா தடையால் ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நாட்டுக்குச் சர்வதேச ஆட்டமே இருக்கவில்லை. அப்படி ஓர் அணியின் பயிற்றுநரை எதை வைத்து நல்லவர், கெட்டவர் என்பது என்று மாணவன் கேட்டான். அந்தக் கேள்வியில்தான் கூட்டம் முதன்முறையாகச் சண்டையில்லாமல் ஒரு மணித்தியாலம் நீண்டது.

அதன் பின் ஒரு சமநிலை, இரண்டு வெற்றி, இன்னொரு சமநிலை. ஒக்ரோபர் கடைசியில் ஓர் அரையிறுதியில் 1–2 தோல்வி. இந்த ஆறு ஆட்டத்தில் வாங்கிய எட்டுக் கோலில் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வந்தவை இரண்டு. இதை எங்கள் முடிவுகளின் பலன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் செப்டெம்பர் நடுவோடு சிறுபோக வெட்டு முடிந்து, மெஷின் ஓட்டும் பெடியன் உட்பட எல்லாரும் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்கள். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. கடைசி நிமிடக் கோல் குறைந்ததை மட்டும் புதுக் கால்களோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

அரையிறுதித் தோல்விக்கு இரண்டு நாளில் மான்செஸ்டர் யுனைட்டெட் தன் பயிற்றுநர் டென் ஹாக்கை நீக்கியது. கோடையில் மீளாய்வு செய்து, வைத்திருக்கிறோம் என்று சொன்ன பின் நீக்கியது. மாற்றச் சொன்ன பக்கம் அதைப் பிடித்துக்கொண்டது: நீங்களும் இழுத்தடிக்கிறீர்கள் என்றார்கள். இந்த முறை அதை வாசிகசாலையில், எங்கள் பயிற்றுநரின் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொன்னார்கள்.

நவம்பர் கடைசி வெள்ளத்தால் பொதுக்கூட்டம் பிற்போடப்பட்டு 2025 ஜனவரியில் நடந்தது. வாக்கெடுப்புக்கு முன் பயிற்றுநர் எழுந்து, பெரிய அணியை இனித் தன்னால் பார்க்க இயலாது, 16 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் பார்க்கிறேன் என்றார். இருக்கச் சொல்லிக் கேட்டவர்களில் தபால் உத்தியோகத்தரும் ஒருவர். பயிற்றுநர் தன் முடிவை மாற்றவில்லை. மகளின் விடயத்தை அவர் மறக்கவில்லை என்று அவருடைய மனைவி பின்னர் என்னிடம் சொன்னார். பெரிய அணியை முன்னாள் தலைமை வீரர் ஒருவர் எடுத்திருக்கிறார். வாசிகசாலைக் கூட்டமும் கரை விதியும் தொடர்கின்றன.

இன்னொரு தடவை என்றால்

கொப்பியைப் பருவத்தின் நடுவிலேயே திறந்து பார்த்திருப்பேன். மே மாதமே ஆறு ஆட்டம் முடிந்திருந்தது. கடைசி நிமிடக் கோல்கள் அப்போதே கொப்பியில் இருந்தன. நன்கொடையாளர்களின் கருத்தைப் பொருளாளர் கூட்டத்தில் அப்படிச் சொல்ல விட்டிருக்க மாட்டேன். அவர்கள் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை, கடையில் நடந்த கதையைத் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே கணக்கை அனுப்பியிருக்க வேண்டும். முன்கள வீரரிடம் அந்தக் கிழமை எங்கே நின்றார் என்று காலிறுதிக்கு முன்னரே யாராவது கேட்டிருந்தால், விடியற்புறப் பயிற்சி அன்றே தொடங்கியிருக்கும்.

பலகையில் எழுதியவரைத் தேடவில்லை. அது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எழுதியதை அழிக்க இரண்டு நாள் எடுத்தோம், அந்த இரண்டு நாளும் பயிற்றுநரின் மகள் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனாள். நிர்வாகம் ஒன்றாகப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டது ஜனவரியில், தகப்பனின் முடிவுக்குப் பிறகு. ஓகஸ்டிலேயே போயிருக்க வேண்டும்.

2023இல் விட்டுப்போன பெடியனின் வீட்டுக்குத் தலைவரும் புதுப் பயிற்றுநரும் நானும் பெப்ரவரியில் போனோம். தகப்பன் தேத்தண்ணி தந்தார். பெடியன் வயலில் நிற்பதாகச் சொன்னார். திரும்பி வரும் வழியில் வரம்பில் அவனைக் கண்டோம். விளையாட வரச் சொல்லவில்லை. அண்டைக்குக் கத்தினது பிழை என்று தலைவர் சொன்னார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.